செபமாலையின் பின் பாதி

முகாம் வாசலில் நின்ற சிப்பாய், அடைக்கலமேரியின் பையிலிருந்து சின்ன பாட்டில் ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்த்தான்.

“என்ன தண்ணிம்மா இது?”

“கோயில் தண்ணி. சாமியார் மந்திரிச்சுக் கொடுத்தது.”

“குடிக்கவா?”

“தெளிக்க.”

“எங்க தெளிப்பீங்க?”

அதற்கு அவள் பதில் தேடுவதற்குள் கணவர் அருள்தாஸ் முந்திக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, இந்தியில் என்னவோ சொன்னார். பட்டாளத்தில் நாயக்காக இருந்து ஓய்வுபெற்று, அப்புறம் புதுக்கோட்டையில் ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்று, அதிலிருந்தும் ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவர். பட்டாளத்து உடுப்பு போட்ட யாரைப் பார்த்தாலும் அவர் வாயில் இந்தி வந்துவிடும்.

“சார், நான் பட்டுக்கோட்டை. தமிழ்லயே சொல்லுங்க” என்றான் சிப்பாய்.

அருள்தாஸ் அசடு வழியச் சிரித்தார். சிப்பாய் முறுக்கு டப்பாவைத் திறந்தான், ஊறுகாய் பாட்டிலைக் குலுக்கினான், துண்டில் சுற்றிவைத்திருந்த மாதா சுரூபத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு பயபக்தியோடு திரும்பச் சுற்றினான். அடைக்கலமேரி கொஞ்சம் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தேகப்பட்டால் இப்படித்தான் படவேண்டும். நடுவில் ஒரு மேசையைப் போட்டு, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்து, இது என்ன, இது எதற்கு என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட வேண்டும். அவளோ தன்னுடையதை மாதக்கணக்கில் மடித்து உள்ளேயே வைத்திருக்கிறாள். அதை எந்தச் சிப்பாயும் எடுக்கவில்லை.

மகன் அமல்ராஜ் இந்த முகாமில்தான் இருக்கிறான். அப்பாவைப் போலவே பட்டாளம், அப்பாவைப் போலவே கையில் நாயக்குக்குரிய இரண்டு பட்டி. சுடும் மைதானத்தில் புதுப் பையன்களுக்குப் பழக்கிவிடும் உஸ்தாத். வடக்கே எங்கெங்கோ இருந்தவன், ஊருக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டான் என்று தங்கள் ஆவூர் கோயிலில் போன வருஷம் பூசை வைத்தாள். கீரனூர் போய் அன்னவாசல் பஸ் பிடித்தால், அங்கிருந்து ஒரு ஆட்டோ. அவ்வளவு பக்கம். ஆனால் பொங்கலுக்கு வந்து போனவன் அப்புறம் வரவேயில்லை. ஈஸ்டருக்கும் வரவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. ‘டவர் இல்லம்மா’ என்று மெசேஜ் மட்டும் வரும். டவர் இல்லாத இடத்திலிருந்து மெசேஜ் எப்படி வருகிறது என்று அவள் கேட்டால், அருள்தாஸ், “டீச்சரம்மாவுக்கு எல்லாத்துலயும் கொஸ்டின்” என்று சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

அவனுக்கு ஜாஸ்பின் என்று ஒரு பெண் பார்த்தாள். நர்ஸ் வேலை, தெரிந்த குடும்பம், ஒரே பங்குக் கோயில். போட்டோ அனுப்பியபோது, ‘இப்ப வேணாம்மா’ என்று ஒரே வரி வந்தது. அன்று ராத்திரி அருள்தாஸ் சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பாவும் மகனும் சேர்ந்து எதையோ மூடிவைத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு உறுதியானது அப்போதுதான். வேறு என்ன இருக்கப்போகிறது? ஒரு பெண். கோயிலுக்குச் சொல்ல முடியாத பெண்.

அதனால்தான், முகாமில் ஆண்டு விழா, வீரர்களின் பெற்றோரும் பழைய ஆட்களும் வந்து ஒரு ராத்திரி தங்கலாம் என்று அழைப்பு வந்தபோது, வழக்கமாக எங்கேயும் வரமாட்டேன் என்பவள் முதல் ஆளாகப் பையை எடுத்து வைத்தாள். “நீ எதுக்கு இந்த வெயில்ல?” என்று அருள்தாஸ் இரண்டு தரம் கேட்டார். இரண்டாவது தரம் கேட்டதையும் அவள் மனதில் குறித்துக்கொண்டாள்.

*

அமல்ராஜ் வண்டிக் கொட்டகை பக்கமிருந்து வந்தான். கூடவே இன்னொருவன், நாகராசு என்று பெயர், அதே மைதானத்தில் வேலை. மகன் இளைத்திருந்தான். கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, “ஏம்ப்பா இப்படிக் கருத்துட்ட?” என்றாள். அவன் சிரித்தான். சிரிக்கும்போதும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. பார்வை அவள் வாயருகே எங்கோ நின்றது.

வகுப்பறையில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவள் அவள். பென்சில் திருடிய பையன், வீட்டுப்பாடம் எழுதாத பையன், அடிபட்டதை மறைக்கிற பையன், எல்லாரும் இப்படித்தான், கண்ணுக்குக் கீழே பார்ப்பார்கள்.

கருவேல மரங்களுக்கு நடுவே போகும் தார் ரோட்டில் நடந்தார்கள். ஆண்கள் மூவரும் முன்னால், அவள் பின்னால். தூரத்தில் பாறைக்குன்று, அதன் அடியில் சிவப்புக் கொடி. ஒரு மயில் ரோட்டைக் கடந்து போனது.

“அமலு, அந்தக் கொடி எதுக்கு?” என்றாள்.

“நாளைக்குக் காலையில பயரிங் இருக்குல்லம்மா, வீட்டு ஆளுங்களுக்குக் காட்டுறதுக்கு. அந்தப் பக்கம் ஆடு மாடு வரக்கூடாதுன்னு” என்று நாகராசு திரும்பிச் சொன்னான்.

சற்றுப் பொறுத்து, “மெஸ்ல சாப்பாடு எப்படிப்பா?” என்றாள்.

“ஒங்க கைச் சாப்பாடு மாதிரி வருமாம்மா?” என்றான் நாகராசு.

அமல்ராஜ் திரும்பவேயில்லை. கேள்வி அவனிடம் போக வேண்டியது, பதில் இவனிடமிருந்து வருகிறது. தான் வாயைத் திறந்தால் ஏதாவது உளறிவிடுவோம் என்று ஒரு வக்கீலை வைத்திருக்கிறான்போல என்று நினைத்தாள்.

கேன்டீனில் அவளுக்கு விஷயம் கிடைத்தது. பெற்றோருக்கு என்று சாமான் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். பில் போடும் இடத்தில் ஒரு பெண். சட்டையில் சத்யா என்று பெயர்ப்பட்டை, நெற்றியில் பொட்டு, மேலே சின்னக் கீற்றாகத் திருநீறு. அமல்ராஜ் கவுன்ட்டருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். அந்தப் பெண் கூப்பிடவில்லை. எழுந்து, சுற்றி வந்து, அவனுடைய வலது பக்கமாக நின்று, அவன் முழங்கைக்கு மேலே இரண்டு விரலால் தொட்டாள். அவன் திரும்பினான். அவள் அவன் முகத்துக்கு நேரே வந்து நின்று, “கார்டு குடுங்க” என்றாள்.

அண்ணன் என்றில்லை, சார் என்றில்லை, பெயரும் இல்லை. எந்த முறையும் வைத்துக் கூப்பிடாமல் நேரே வந்து தொடுகிறாள். அதுவும் இத்தனை பேர் நிற்கும் இடத்தில். தொட்டுத் தொட்டுப் பழகிய கை என்பது அடைக்கலமேரிக்கு ஒரு பார்வையில் தெரிந்தது. கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து, “நல்லா இருக்கியாம்மா?” என்று வேறு கேட்டார்.

“நல்லா இருக்கேன்ப்பா. அம்மாவா? வாங்கம்மா” என்றாள் சத்யா. குரல் கணீரென்று இருந்தது, தேவைக்கு மேல்.

“எந்த ஊரும்மா ஒனக்கு?”

“பொன்னமராவதி பக்கம்மா.”

“அப்பா என்ன செய்றாங்க?”

“கல்குவாரியில இருந்தாங்க. இப்ப வீட்டுலதான்.” அப்படிச் சொல்லும்போது அந்தப் பெண் அமல்ராஜை ஒரு கணம் பார்த்தாள். பாவப்பட்ட பார்வை. அதற்கும் அடைக்கலமேரி ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் கணவரிடம், “அந்தப் பொண்ணை முன்னயே தெரியுமா ஒங்களுக்கு?” என்றாள்.

“ரெண்டு தரம் வந்தேன்ல, கேன்டீனுக்கு.”

“எப்ப வந்தீங்க? எங்கிட்ட சொல்லலையே.”

“சோப்பு வாங்க வந்ததையெல்லாம் சொல்லணுமா?” என்று சிரித்தார். சோப்பு வாங்க ஆவூரிலிருந்து இங்கிட்டு வருகிற ஆளா இவர்? தெருமுனையில் பழனி வைத்திருக்கும் டீக்கடைக்குப் போகவே வண்டியை உதைக்கச் சோம்பல்படுகிறவர்.

*

தங்குவதற்குக் கொடுத்த அறையில் இரண்டு இரும்புக் கட்டில், சுருக்கமே இல்லாமல் இழுத்து விரித்த பச்சைக் கம்பளி, கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறி. ராத்திரி படா கானா, பெரிய விருந்து. அதற்கு முன் பெரியவர்கள் உடுத்திக்கொள்ள நேரம் விட்டிருந்தார்கள். அடைக்கலமேரி மேசையைச் சுவரோரம் தள்ளி, மாதா சுரூபத்தை வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

“இன்னைக்கு வேணாம் மேரி. விருந்துக்கு நேரமாச்சு” என்றார் அருள்தாஸ்.

“மே மாசம். மாதா வணக்க மாசத்துல ஒரு நாள் விடுவோமா? அமலு வரட்டும். எத்தனை நாளாச்சு, மூணு பேரும் சேர்ந்து சொல்லி.”

வேண்டுமென்றுதான் செய்தாள். அவளிடம் வேறு மேசை இல்லை. போன் மறைக்கலாம், முகம் மறைக்கலாம். செபமாலையில் அவன் எதையும் மறைக்க முடியாது என்று நினைத்தாள். பால் குடிக்கும் காலத்திலிருந்து காதில் விழுந்த செபம். ஒருவர் முன் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின் பாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். மனசு விலகியிருந்தால் அந்தப் பின் பாதியில் தெரிந்துவிடும். அவளுடைய சின்னம்மா மகன் ஒருவன் அப்படித்தான். வேறு சாதியில், வேறு சாமியில் கட்டிக்கொள்வதற்கு ஒரு வருஷம் முன்பே, செபத்தில் அவன் நாக்கு தடுமாற ஆரம்பித்துவிட்டது.

அமல்ராஜ் வந்தான். மறுக்காமல் பாயில் மண்டியிட்டான். அப்போது அருள்தாஸ் ஒரு காரியம் செய்தார். முழங்கால் வலி என்று வீட்டில் எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்து செபம் சொல்கிறவர், வந்து மகனை ஒட்டிப் பாயில் உட்கார்ந்தார். அடைக்கலமேரி அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டு அவர்களுக்கு முதுகைக் காட்டி, சுரூபத்துக்கு முன்னால் மண்டியிட்டாள்.

வீட்டு வழக்கப்படி முதல் பத்து மணிகளை அருள்தாஸ் சொன்னார். பின் பாதியில் மகனுடைய குரல் அவள் குரலுக்குப் பின்னாலேயே, ஒரு அசை தள்ளித் தள்ளி வந்தது. முன்னால் போகிறவரின் காலடியைப் பார்த்து நடக்கிற மாதிரி. மறந்துவிட்டான், என்னைக் கேட்டுக் கேட்டுச் சொல்கிறான் என்று அவளுக்குள் சுருக்கென்றது.

அடுத்தது அவள் முறை. அவள் முன் பாதி சொன்னாள், பின்னால் இருவரும் முடித்தார்கள். இரண்டு மூன்று மணி போயிருக்கும், கதவு தட்டும் சத்தம். நாகராசு எட்டிப் பார்த்து மெதுவாக, “அப்பா, பழைய ஆளுங்களையெல்லாம் போட்டோவுக்கு நிக்கச் சொல்றாங்க. பெரிய சாப் வந்துட்டாரு” என்றான்.

“பத்து நிமிசம்ப்பா.”

“இப்பவேப்பா. எல்லாரும் நிக்கிறாங்க.”

அருள்தாஸ் தயங்கினார். அந்தத் தயக்கம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. திரும்பாமலேயே, போங்கள் என்று கையைக் காட்டினாள். கதவு சாத்தப்பட்டது. அவள் அடுத்த மணியைப் பிடித்து முன் பாதியைச் சொல்லி நிறுத்தினாள்.

பின்னால் சத்தமில்லை.

மின்விசிறி கடகடத்தது. மெழுகுவர்த்தியின் சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. அவள் காத்திருந்தாள். அப்பா இருக்கும்வரை அப்பாவுக்காகச் சொல்லியிருக்கிறான். தனியாக அம்மாவுக்கு மட்டும் பொய் சொல்ல வாய் வரவில்லை. அப்படியாவது கொஞ்சம் நேர்மை இருக்கிறதே. மறுபடியும், கொஞ்சம் உரக்க, முன் பாதியைச் சொன்னாள். ஒன்றுமில்லை.

“சொல்லுப்பா” என்றாள்.

அவள் திரும்பினாள். கேட்கப்போகிற கேள்வியை நாக்கில் ஏற்றிக்கொண்டுதான் திரும்பினாள்.

அமல்ராஜ் கண்ணை மூடி மண்டியிட்டிருந்தான். கண்ணை மூடித்தான் செபம் சொல்ல வேண்டும் என்று அவனுக்குப் பழக்கியவள் அவள்தான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு மணியைப் பிடித்திருந்தான், நகர்த்தாமல். உதடு லேசாகத் திறந்து தயாராக இருந்தது. முகத்தில் வெறுப்பும் இல்லை, விலகலும் இல்லை. கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கப் போன நாளில் வரிசையில் நின்ற அதே முகம். அவனுடைய வலது முழங்கால் மட்டும், அப்பா உட்கார்ந்திருந்த வெற்றுப் பாயின் பக்கமாகச் சற்றே நீண்டிருந்தது. எதற்கோ காத்திருந்தது.

அடைக்கலமேரி அந்த முழங்காலையே பார்த்தாள்.

ஒன்றாம் வகுப்பில் புதிதாகப் பிள்ளைகள் சேரும்போதெல்லாம் அவள் செய்யும் வேலை ஒன்று உண்டு. கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே, சாதாரணக் குரலில், “முட்டாய் யாருக்கு வேணும்?” என்பாள். சட்டென்று திரும்பிப் பார்த்தால் எல்லாக் கையும் தூக்கியிருக்கும். தூக்காத கை ஒன்று இருந்தால், அந்தப் பிள்ளையை முதல் பெஞ்சுக்கு மாற்றிவிட்டு அப்பனை வரச்சொல்லுவாள். எத்தனையோ பிள்ளைகளை அப்படிக் கண்டுபிடித்திருக்கிறாள்.

மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

“அமலு, முறுக்கு வேணுமா?”

மின்விசிறிச் சத்தம்.

“ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா? அந்தப் புள்ளையா?”

ஒன்றுமில்லை.

“மாதாவை விட்டுட்டியாப்பா?” என்றாள். நாலு மாதமாக முகத்துக்கு நேரே கேட்க முடியாத கேள்வி, சுவரைப் பார்த்து இவ்வளவு எளிதாக வந்துவிட்டது. “எங்களை விட்டுட்டியா?” என்று கடைசியாகக் கேட்டபோது அவளுக்கே தன் குரல் சரியாகக் கேட்கவில்லை.

முழங்காலாலேயே நகர்ந்து அவனருகே போனாள். அந்த முழங்காலின் மேல் உள்ளங்கையை வைத்து லேசாகத் தட்டினாள்.

உடனே அவன் பின் பாதியைத் தொடங்கினான். அருள்தாஸ் பாயில் ஒட்டி உட்கார்ந்தது இப்படித் தட்டத்தான். ஒரு சொல் பிசகவில்லை. சின்ன வயதில் சொன்ன அதே இழுப்பு, மாதா என்கிற இடத்தில் அதே சின்ன ஏற்றம். ஆமென் வரை சொல்லிவிட்டு, மணியை ஒன்று தள்ளி, மறுபடியும் காத்திருந்தான்.

அவளால் அடுத்ததைச் சொல்ல முடியவில்லை. வெகு நேரம் கழித்து அவன் கண்ணைத் திறந்தான். தன் முழங்கால் மேல் இருப்பது யாருடைய கை என்று பார்த்தான்.

*

“தை மாசம்மா, பொங்கலுக்கு வந்துட்டுப் போனப்புறம்” என்றான். “மைதானத்துல ஒரு பையன் பயந்துபோய்த் தடுமாறிட்டான். அவன் என்ன கத்துறான்னு கேக்குறதுக்காகக் காதுல இருந்த அடைப்பை எடுத்தேன். அந்த நேரத்துல அவன் துப்பாக்கி பக்கத்துலயே வெடிச்சிருச்சு. இடது பக்கம் சுத்தமா இல்ல. வலது பக்கம், கிட்ட நின்னு முகத்தைப் பார்த்துப் பேசினா புரிஞ்சிரும்.”

போட்டோவுக்குப் போன அருள்தாஸ் கதவருகே வந்து நின்றிருந்தார். எதைக் கேட்டார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்.

“ஒங்களுக்கு எப்பத் தெரியும்?” என்றாள் அவரிடம்.

“மறுநாளே.”

“டாக்டர்கிட்ட போனீங்களா?”

“திருச்சியில தனியா ஒரு டாக்டர்கிட்டக் காட்டினோம். இங்க சொல்லாம.”

“என்ன சொன்னாரு?”

அருள்தாஸ் மகனைப் பார்த்தார். அமல்ராஜ் அவர் வாயைப் பார்த்தான். அறையில் யாரும் யாரையும் கண்ணுக்குக் கண் பார்க்கவில்லை.

“இடது பக்கம் இனி வராதாம். வலது பக்கம்... வெடிச் சத்தத்துல இருந்து உடனே விலகிட்டா, அதை அப்படியே காப்பாத்தலாமாம்.”

“உடனேன்னா?”

மகன்தான் சொன்னான். “ஹவில்தார் ஆகுறதுக்கான கேடர் பயிற்சி முடியட்டும்னு பாத்தோம்மா. இப்பச் சொன்னா மெடிக்கல் கேட்டகிரியை எறக்கிருவாங்க. மூணாவது பட்டி வராது. ரெண்டு பட்டியோடயே ஸ்டோர்ல ஒக்காந்து போர்வை எண்ண வேண்டியதுதான்.”

“ரெண்டு பட்டியோட வந்தவன்தான் மேரி நானும்” என்றார் அருள்தாஸ். குரல் இறங்கியிருந்தது. “பேங்க் வாசல்ல என்னை ‘வாட்ச்மேன்’னு கூப்பிட்டானுங்க. அவனாவது...”

“அவன் காதை அடகு வெச்சுத்தான் ஒங்களுக்கு மூணாவது பட்டி வாங்கணுமா?”

“அப்பாவைச் சொல்லாதீங்கம்மா. நான்தான் கேட்டுக்கிட்டேன்.”

“ரெண்டு பேருமா சேந்து என்னைய முட்டாளாக்கியிருக்கீங்க. அந்தக் கேன்டீன் பொண்ணுக்குத் தெரியும், நாகராசுக்குத் தெரியும்.”

“சத்யாவுக்கு யாரும் சொல்லலம்மா. அவங்க அப்பாவுக்குக் குவாரி வெடியில காது போயிருச்சு. வீட்டுப் பழக்கம். பாத்த அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டா.” அவன் கொஞ்சம் சிரித்தான். “அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருச்சு, நீங்க வேற.”

அப்படியென்றால் அவளைப் பற்றித் தான் நினைத்தது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சுவரைப் பார்த்துச் சொன்னதைக் கேட்டானா, முகத்திலேயே படித்தானா? நிச்சயமாகிவிட்டது என்பதையும் அவள் முழுதாக நம்பவில்லை. நாலு மாதம் டவர் இல்லை என்று எழுதிய கை.

“நாளைக்குக் காலையில அந்த மைதானத்துல யாரு நிக்கிறது?” என்றாள்.

“நான்தாம்மா. உஸ்தாத் நான்தானே.”

“அது வெடி இல்லியா?”

“அடைப்பு வெச்சுக்குவேன்.”

“எவனாவது பயந்துபோய்க் கத்தினா எடுப்பே.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். குனிந்துகொண்டால் அவள் பேசுவது அவனுக்கு இல்லாமல் போய்விடும். பேச்சிலிருந்து எழுந்து போக அவனுக்கு இப்போது ஒரு கதவு இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். நிமிர்த்திவிட்டு கணவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

“காலையில பயரிங் தொடங்குறதுக்கு முன்னாடி முகாம் டாக்டர்கிட்ட நீங்க சொல்லணும். நான் சொன்னா அம்மாக்காரி பொலம்புறான்னு விட்டுருவாங்க. நீங்க பட்டாளத்து ஆளு.”

“அம்மா, வேணாம்மா” என்றான் அமல்ராஜ்.

“சொல்றேன்” என்றார் அருள்தாஸ். சீக்கிரமாகச் சொல்லிவிட்டார். அவ்வளவு சீக்கிரம் சொன்னதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

விருந்தில் ஆட்டுக்கறியும் பூரியும் இருந்தன. பெரிய அதிகாரி ஒவ்வொரு மேசையாக வந்து கைகுலுக்கினார். “உங்கள் மகனைப் போல நாலு உஸ்தாத் இருந்தால் போதும்” என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னபோது, அருள்தாஸின் முகத்தில் வந்த வெளிச்சத்தை அடைக்கலமேரி பார்த்தாள். நாளைக்கு இந்த வாய் திறக்காது என்று நினைத்தாள்.

*

காலையில் மைதானத்தில் சாமியானா போட்டு, பெற்றோருக்கு பிளாஸ்டிக் நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தார்கள். காதுக்குப் பஞ்சு கொடுத்தார்கள். பக்கத்து நாற்காலி அம்மாள் ஒருத்தி, “கல்யாண வீட்டுல வெத்தலைபாக்கு குடுக்குற மாதிரில்ல பஞ்சு குடுக்குறாங்க” என்று சிரித்தாள். அடைக்கலமேரி தன் பஞ்சைக் கைக்குள் இறுக்கி வைத்திருந்தாள். ஒலிபெருக்கியில் பேண்டு வாத்தியப் பாட்டு. குன்றின் அடியில் சாக்குப் பொம்மைகள் வரிசையாக நின்றன. இந்தப் பக்கம் பையன்கள் மண்மூட்டைகளுக்குப் பின்னால் படுத்திருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் கையை முதுகில் கட்டிக்கொண்டு அமல்ராஜ். கருவேல மர நிழலில் ஆம்புலன்ஸ், அதன் படியில் உட்கார்ந்து இளம் டாக்டர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“போங்க” என்றாள்.

அருள்தாஸ் எழுந்தார். சட்டையில் குத்தியிருந்த பதக்கங்களைச் சரிசெய்துகொண்டார். நடந்தார். போகிற வழியில் தண்ணீர் கேன் இருந்தது. அதன் அருகே நின்றார். டம்ளரை எடுத்துப் பிடித்துக் குடித்தார். திரும்பி வந்துவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. வரவில்லை, மேலே போனார். டாக்டருக்கு விறைப்பாக சல்யூட் வைத்தார். டாக்டர் எழுந்து நின்று கைகொடுத்தார். இருவரும் பேசினார்கள்.

என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. பாட்டுச் சத்தம் எல்லாவற்றையும் விழுங்கியது. அவள் கணவருடைய உதட்டையே பார்த்தாள். அசைந்தது, நின்றது, அசைந்தது. ஒரு வார்த்தை பிடிபடவில்லை. நாலு மாதமாக அமலுக்கு எல்லாரும் இப்படித்தான் தெரிந்திருக்கிறார்கள், வாயசைக்கும் ஆட்களாக, எதையும் நம்ப முடியாதவர்களாக. டாக்டர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அருள்தாஸும் சிரித்தார்.

சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது?

அடைக்கலமேரி எழுந்தாள். “அம்மா, அங்கிட்டு போகக்கூடாது” என்று ஒரு சிப்பாய் கையை நீட்டினான். “என் வீட்டுக்காரர் அங்க இருக்காரு” என்று அவன் கையைத் தாண்டிப் போனாள். ஆம்புலன்ஸை நெருங்கும்போது குரல் கேட்டது. எந்தக் காலத்திலோ ராஜஸ்தானில் ஒரு ஒட்டகம் ஆபீசர் தொப்பியைத் தின்ற கதை. வீட்டில் நூறு தரம் சொன்ன கதை.

அவள் வந்து நின்றதும் கதை பாதியில் நின்றது. அவர் பக்கத்தில் போய் நின்றாள், அவ்வளவுதான். அருள்தாஸ் அவளைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், தன் பதக்கங்களைப் பார்த்தார். அவர் கை பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்காமல், புறங்கையில் மட்டும் இரண்டு விரலால் லேசாகத் தட்டினாள்.

“டாக்டர் சாப்” என்றார். “என் மகனுக்குக் காது கேக்காது. அந்த உஸ்தாத். மறைச்சு வெச்சிருந்தோம். நான்தான் மறைக்கச் சொன்னேன்.”

டாக்டரின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எந்தக் காது?” டீ டம்ளரைப் படியில் வைத்துவிட்டு மைதானத்தைப் பார்த்து வேகமாக நடந்தார். ஓர் அதிகாரியிடம் சொன்னார். விசில் ஊதப்பட்டது. பாட்டு நின்றது. படுத்திருந்த பையன்கள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தலையைத் திருப்பினார்கள். நாற்காலிகளில் முணுமுணுப்பு எழுந்தது.

“அமல்ராஜ்!” என்று அதிகாரி கூப்பிட்டார்.

அவன் குன்றைப் பார்த்து நின்றான்.

“நாயக் அமல்ராஜ்!”

கை முதுகில் கட்டியபடியே இருந்தது. பாட்டு நின்றதுகூட அவனுக்குத் தெரியவில்லை. எல்லாரும் அவன் முதுகைப் பார்த்தார்கள். முகாம் முழுக்க, பெற்றோர் எல்லாரும், பில் போடும் பெண் சத்யா, நாகராசு, எல்லாரும். இப்படி எல்லார் முன்னாலும் ஆகும் என்று அடைக்கலமேரி நினைக்கவில்லை. ஒரு ஓரமாக, காதோடு காதாகச் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். காதோடு காதாக.

நாகராசு ஓடிப்போய் அவன் தோளைத் தொட்டான்.

அமல்ராஜ் திரும்பினான். டாக்டரைப் பார்த்தான், அதிகாரியைப் பார்த்தான். பிறகு மர நிழலில் நின்ற இரண்டு பேரையும் பார்த்தான். யார் சொல்லியிருப்பார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தோளில் மாட்டியிருந்த துப்பாக்கியை நாகராசிடம் கொடுத்தான். டாக்டர் கையைக் காட்ட, ஆம்புலன்ஸ் பக்கம் நடந்து வந்தான். வரும்போது அப்பாவையும் பார்க்கவில்லை, அம்மாவையும் பார்க்கவில்லை, கால் போகிற மண்ணையே பார்த்து வந்தான்.

“இனி எங்கூடப் பேசமாட்டான் மேரி” என்றார் அருள்தாஸ்.

இருக்கலாம் என்று நினைத்தாள். ஆறு மாதம் வீட்டுக்கு வராமல் இருக்கலாம். ‘டவர் இல்லம்மா’ என்றுகூட எழுதாமல் இருக்கலாம். அவன் நெருங்கி வந்தான். அவன் தலை நிமிரவில்லை. அடைக்கலமேரி கணவரைத் தாண்டி, சுற்றிக்கொண்டு போய், மகனுடைய வலது பக்கமாக நின்று, முழங்கைக்கு மேலே இரண்டு விரலால் தொட்டாள்.

அவன் நின்றான். நிமிர்ந்து பார்க்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.